டீச்சர், எந்த லைன்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. போன கிழமை எழுதத் தொடங்கினேன். திருத்த வேண்டிய கொப்பிகளுக்கு நடுவில் இன்றைக்குத்தான் முடிக்கக் கிடைத்தது. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள், கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க இருக்கிறது.

தரம் 10க்கு ஆங்கிலப் பாடம். விண்ணப்பப் படிவம் நிரப்புவது எப்படி என்று படிப்பிக்க வேண்டும். நானே ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு போனேன். இப்போது ஒன்லைனில் வருகிற படிவங்கள் மாதிரியே இருக்கட்டும் என்று, பெயர், பிறந்த திகதிக்குக் கீழே 'அட்ரஸ் லைன் 1', 'அட்ரஸ் லைன் 2' என்று இரண்டு கோடுகள் போட்டிருந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். முன் வாங்கில் இருக்கிற பிள்ளை கையை உயர்த்தினாள்.

"டீச்சர், எங்க வீடு ஒரு லைன்லதானே இருக்கு. ரெண்டாவது லைனுக்கு என்னாங்க டீச்சர் எழுதுறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. போய்ப் பார்த்தேன். 'அட்ரஸ் லைன் 1' என்ற இடத்தில் அழகான எழுத்தில் 'லைன் 7, ரூம் 4' என்று எழுதியிருந்தாள். இரண்டாவது வெறுமையாக இருந்தது.

பின் வாங்கிலிருந்து ஒருவன், "ஒங்க மாமா வீட்டு லைன எழுது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், மறைக்கவில்லை. பிறகு, இங்கே லைன் என்றால் வரி, விலாசத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். "தோட்டத்தின் பெயர், டவுன் பெயர் எழுதினால் போதும் மகள். லைன் நம்பர் எல்லாம் வேண்டாம்" என்றேன்.

அவள் ரப்பரை எடுத்து 'லைன் 7, ரூம் 4' ஐ அழித்தாள். அந்தத் தூளை ஊதிவிட்டுத் தோட்டத்தின் பெயரை எழுதினாள்.

வீட்டுக்கு வந்து அஸர் தொழுதுவிட்டுத் தேநீர் குடிக்கும்போதுதான் அந்த ரப்பர் தூள் ஞாபகம் வந்தது. அதோடு இன்னொரு பிள்ளையின் ஞாபகமும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் 'லைன்' என்று பலகையில் பெரிதாக எழுதி, இந்தச் சொல்லை எங்கெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகளிடம் இல்லாத அகராதியா? ரயில் லைன். கரண்ட் லைன். போனில் லைன் கிடைக்கவில்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு விடியச் சாமத்திலிருந்து நின்ற லைன். காலைக் கூட்டத்துக்கு நிற்கிற லைன். உடுப்புக் காயப்போடுகிற லைன். "லைன் அடிக்கிறது" என்று ஒரு மூலையிலிருந்து மெதுவாக வந்தது. காது கேளாதவள் மாதிரி நின்றேன். ஒருவன் காட்டு ராஜாவையும் சேர்த்தான். சிங்கமும் லயன், வீடும் லயன், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே என்றான். போன தவணையில் ஒரு கட்டுரையில் 'ஐ லிவ் இன் அ லயன்' என்று சிங்கத்தின் எழுத்துக்கூட்டலோடு எழுதியவனும் அவன்தான். சிங்கத்தின் வயிற்றுக்குள் குடும்பத்தோடு இருக்கிறாயா என்று அப்போதே கேட்டிருந்தேன்.

இந்தச் சொல்லின் வேர் நூல். லத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு லீனம் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. லினன் துணி என்கிறோமே, அதுவும் அதே வேர்தான். மேசன் பாஸ் சுவர் கட்டும்போது இரண்டு பக்கமும் ஆணி அடித்து நூல் கட்டுவார் இல்லையா, அந்த இழுத்துக் கட்டிய நூலிலிருந்துதான் கோடு, வரி, வரிசை, பாதை, கம்பி எல்லாம் பிறந்தன. ரயில் பாதை ஒரு நூல் மாதிரி மலையைச் சுற்றி ஓடுகிறது. எங்கள் கொழும்பு – பதுளைப் பாதைக்கு உத்தியோகப் பெயரே மெயின் லைன்தான். அது பதுளையைத் தொட்ட ஆண்டு 1924. அந்தத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. வரவேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை. ரோட்டால் வந்தால் முக்கால் மணித்தியாலம் கூட.

ஆனால் வரிசைக்கு நம் தோட்டங்களில் நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. நிரை. கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் நிரை பிடிக்கிறார்கள், லைன் பிடிப்பதில்லை. வேலை செய்கிற வரிசைக்குத் தமிழ் இருக்க, குடியிருக்கிற வரிசைக்கு மட்டும் ஏன் ஆங்கிலம்?

ஏனென்றால் அந்த வரிசையைக் கட்டியவர்கள் நாம் இல்லை. பிரித்தானிய இராணுவத்தில் சிப்பாய்களின் கூடாரமும் குடிசையும் வரிசையாக இருக்கும். அந்த வரிசைகளுக்கு லைன்ஸ் என்று பெயர். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் அதே அமைப்பும் அதே சொல்லும் மலைக்கு ஏறின. கூலி லைன்ஸ் என்றார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. லைன் போகவில்லை. மலேசியாவில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் லயம் என்றுதான் சொல்கிறார்கள். ஒரே துரைமாரின் ஒரே அகராதி.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம், டெல்லியில் சிவில் லைன்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. வடஇந்தியாவில் வேறு பல நகரங்களிலும் அதே பெயர் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் பெரிய தோட்டங்களோடு பங்களா கட்டி இருந்த பகுதி. இன்றைக்கும் வசதியான விலாசம். அங்கே ஒருவர் லைன்ஸ் என்று எழுதினால் மரியாதை. இங்கே என் மாணவி எழுதினால் டீச்சரே அழிக்கச் சொல்கிறாள்.

லைன், லயனாகி, பிறகு லயமாகிவிட்டது. எங்கள் சங்கீத டீச்சருக்கு லயம் என்றால் தாளக்கட்டு. தரம் 6 பிள்ளைகள் சங்கீதப் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவர் சொல்வார். இப்படி உருமாறிய சொற்கள் தோட்டத்தில் நிறைய. காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, ஆங்கிலப் பரேட். ஸ்டோர் என்றால் கடையில்லை, தேயிலை ஃபெக்டரி. இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது, காம்பரா போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. ஒரு லயத்து வீட்டின் வாசலில் நின்றால் மூன்று வெள்ளைக்கார நாடுகளை ஒரே நேரத்தில் மிதிக்கலாம். உள்ளே போனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி.

அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள், எங்கே அடுப்பு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு லைட் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இந்தப் பதிவை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது மற்றப் பிள்ளையின் கதை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்தவள். உயர்தரம் எழுதி நல்ல பெறுபேறு. ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். விலாசம் எழுதும்போது அவள் சொன்ன லைன் நம்பரை நான் எழுதவில்லை. தோட்டத்தின் பெயர், தபாலகத்தின் பெயர், அவ்வளவுதான். "இது கொழும்புக்குப் போற ஃபோம் மகள், டீசண்டா இருக்கட்டும்" என்று சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வருகிற தப்பால் வீடு வீடாகப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது போகும். அந்தத் தோட்டத்தில் அதே பெயரில், அதே முதலெழுத்தோடு, பணியக்கணக்கில் இன்னொரு பிள்ளை இருந்தாள். கடிதம் அந்த வீட்டுக்குப் போனது. அந்தப் பிள்ளை அப்போது கொழும்பில் வேலை. பாட்டி கடிதத்தைப் பத்திரமாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். தீபாவளிக்கு லீவில் வந்தவள் பிரித்துப் பார்த்து, இது என்னுடையது இல்லையே என்று மேற்கணக்குக்கு ஓடிவந்து கொடுத்திருக்கிறாள். நேர்முகத் தேர்வு முடிந்து ஒன்பது நாள்.

யாரைக் குற்றம் சொல்வது? தப்பாலைக் கொண்டுபோனவரையா, பத்திரமாக வைத்த பாட்டியையா? அந்தக் கவரை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். டைப் அடித்த விலாசம். நான் எழுதிக் கொடுத்த அதே விலாசம். லைன் நம்பர் இல்லாத, டீசண்டான விலாசம்.

ஆங்கிலத்தில் கடைசித் திகதிக்கு டெட்லைன் என்கிறோம். அந்தச் சொல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வந்தது. 1864இல் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் உள்ளே ஒரு எல்லைக் கோடு இருந்தது. அதைத் தாண்டினால் காவல்காரன் சுடுவான். அதனால் டெட் லைன். பாடத்தில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்தப் பிள்ளையின் கவரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதையைச் சொல்ல மனம் வருவதில்லை.

அவள் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். என்னைக் கண்டால் இன்றைக்கும், "டீச்சர், சொகமா இருக்கீங்களா?" என்று ஓடிவந்து கையைப் பிடிப்பாள். விலாசம் எழுதியது நான்தான் என்பதை அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அவள் இதை வாசிப்பாள் என்று தெரியும்.

சரி, ஏன் நான் அப்படிச் செய்தேன்?

நான் டவுனில் வளர்ந்தவள். எங்கள் வாப்பாவுக்குச் சில்லறைக் கடை. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. பக்கத்துக் கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. சுவருக்குச் சுவர் ஒட்டி எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே கூரை, பின்னால் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். இப்போது யோசித்தால் அது அச்சு அசல் ஒரு லயம். ஆனால் அதை யாரும் லயம் என்று சொன்னதில்லை. கடைவீடு என்போம். எங்கள் விலாசத்துக்கு நம்பரும் தெருப் பெயரும் இருந்தது. தபால்காரர் பெல் அடித்து வாப்பாவின் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போவார்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. வகுப்பில் ஒரு பிள்ளையோடு சண்டை. என்ன சண்டை என்று மறந்துவிட்டது, பென்சிலாகத்தான் இருக்கும். "போடி லயத்தாளே" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா அன்றைக்குப் பின்னேரம் சாமான் வாங்கக் கடைக்கு வந்திருக்கிறார். முறைப்பாடு சொல்ல வரவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார்.

வாப்பா அடிக்கவில்லை. இரவு கடையை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கடன் கொப்பியை விரித்தார். அதில் ஆட்களின் பெயரை விட லயத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். பத்து வீட்டு லயம், தகர லயம், கோயில் லயம், மாட்டுப்பட்டி லயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். சம்பளம் போட்ட கிழமையில் ஒவ்வொரு பக்கமாக வெட்டுவார்.

"வாசிங்க மகள்" என்றார். வாசித்தேன். "இன்னொரு தரம்." திரும்ப வாசித்தேன். முடிந்ததும், "இந்தக் கொப்பியில ஈக்கிற லயம்தான் எங்கட சோறு. போய்ப் படுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு ரோசம் வந்தது, விளங்கவில்லை. பத்தனை கல்வியியல் கல்லூரியில் பயிற்சி எடுத்த காலத்திலும் முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன். அங்கே என்னோடு இருந்த பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். வீடு எங்கே என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள், லயம் என்ற சொல் வாயிலிருந்து வராது. அவர்களும் மறைத்தார்கள், நானும் அவர்களுக்காக மறைத்தேன், அது நாகரிகம் என்று நினைத்தேன். பிள்ளையின் படிவத்தில் நான் லைன் நம்பரை விட்டதும் அந்த நாகரிகத்தால்தான்.

வாப்பாவின் கொப்பியில் ஒரு ஆளும் மாறிப்போனதில்லை. ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தாலும், யார் எந்த லயம் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கில டீச்சரான எனக்குத் தெரியவில்லை.

நாடு இந்த வரிசை வீடுகளை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1948இல் குடியுரிமை பறித்தபோது நன்றாக ஞாபகம் இருந்தது. 1964 ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்தபோதும் ஞாபகம் இருந்தது. 2003இல் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுக்குப் போய், 1992இல் கம்பெனிகளுக்கு வந்தன. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் வந்து, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் நின்றோம். 7 பேர்ச் காணியில் தனிவீடு. சில இடங்களில் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். என் மாணவன் ஒருவனின் குடும்பம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அவனுடைய பாட்டி அதற்கு வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? புது லயம்.

கொரோனா காலத்தில் பாடசாலை மூடி, ஒன்லைன் வகுப்பு என்று அறிவித்தார்கள். லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்லைன் வருவதற்கு மலை உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு, அட்டை கடிக்க, தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று என்னுடைய குரல் செய்தியைக் கேட்டவர்கள்தான் இன்றைக்கு உயர்தரம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ட்ராப் மீ அ லைன்' என்றால், எனக்கு இரண்டு வரி எழுதிப் போடு என்று அர்த்தம். அதை அந்த வருடம்தான் மரபுத்தொடர்ப் பாடத்தில் படிப்பித்தேன். ஒருவன் எழுதியிருந்த பதில்: 'யூ கெனொட் ட்ராப் எ லைன் டு அவர் லைன்.' இலக்கணம் சரி. நான் சரி போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அதே படிவத்தைத் திரும்பவும் கொடுத்தேன். இந்த முறை எதையும் அழிக்கச் சொல்லவில்லை. லைன் நம்பர், காம்பரா நம்பர் முதல் வரியில். கணக்கின் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டாவது வரியில். அதற்குக் கீழே தபாலகம். இப்படி எழுதினால் நாளைக்கே தபால்காரர் லயத்து வாசலில் பெல் அடிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒபிசில் பிரிக்கிறவருக்காவது எந்தக் கணக்கு, எந்த லயம், எந்தக் கதவு என்று தெரியும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒரு பிரச்சினை வந்தது. சில லயங்களுக்கு நம்பர் பலகை எப்போதோ விழுந்துவிட்டது, நம்பர் யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும்தான். அதனால் பெயர்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, பிள்ளைகள் தங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு லயத்தையும் அதன் பெயரோடு வரைகிறார்கள். இதுவரை முப்பத்தொன்று. தகர லயம் மட்டும் நான்கு தோட்டத்தில் இருக்கிறது.

அதற்குத்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் லயங்களுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் வந்தது, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு கீழே எழுதுங்கள். நம்பரும் தெரிந்தால் அதையும் சேர்த்து. ஆளின் பெயர் வேண்டாம், லயத்தின் பெயர் போதும். பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

முன் வாங்குப் பிள்ளையின் படிவம் என் மேசையில் இருக்கிறது. முதல் வரியில் 'லைன் 7, ரூம் 4' திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது வரியில் தோட்டத்தின் பெயரோடு, நான் சொல்லாத ஒன்றையும் அவளாகவே சேர்த்திருக்கிறாள். 'அபவ் த பீலி.' பீலிக்கு மேலே. பீலிக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று கேட்டாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.